ஆறரை மணி ரொட்டி

எங்கள் தோட்டத்தில் இப்போது என்னோடு சேர்த்து நான்கு பேருக்குச் சீனி வியாதி இருக்கிறது. மற்ற மூவருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நான் பட்டதைச் சொல்ல வேண்டும் என்று போன மாதம் கோயிலில் நடந்த கூட்டத்தில் என்னை எழுப்பிவிட்டார்கள். எழுந்து நின்றேன். முந்தானையைத் திருகினேன். ஒரு வார்த்தையும் வராமல் உட்கார்ந்துவிட்டேன். "எழுதித் தாங்கம்மா, நான் வாசிச்சுக் காட்டுறேன்" என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். குற்றங்குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராகலைக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்தில் பதினொரு வருடமாகப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருக்கிறேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் தங்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. காலை ஆறேகாலுக்குப் பிள்ளைகள் வந்துவிடும். ஆறரைக்குத் தாய்மார் பெரட்டில் நிற்க வேண்டும். அங்கேதான் அன்றைய வேலை பிரித்துக் கொடுப்பார்கள். பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள். அதில் எட்டு, தூளியில் கிடக்கும் குழந்தைகள். ஒன்பது மணிக்குத் தோட்டத்துப் பாலும் ரொட்டித் துண்டும் கொடுப்பேன். எனக்கென்று பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் ஸ்டோரில், அதாவது தேயிலை காய வைக்கும் ஆலையில், இராவேலை செய்கிறார். இந்த நோய் வந்த நாளிலிருந்து என் மனதில் இருந்த பயம் ஒன்றுதான்: இனிப் பிள்ளைகளை என்னிடம் விடுவார்களா?

நோய் அட்டைக்கடியில்தான் தெரிந்தது. மழைக்காலத்தில் கணுக்காலில் கடித்த அட்டையைச் சுண்ணாம்பு வைத்து எடுத்துப் போட்டேன். யாருக்கும் இரண்டு நாளில் ஆறுகிற காயம் எனக்கு ஒரு மாதமாகியும் ஆறவில்லை. சீழ் கட்டியது. அதோடு தாகம். தண்ணீர் கொட்டும் பீலியில் வாயை வைத்தால் எடுக்க மனம் வராது. இரவிக்கை தொளதொளத்துப் போனது. என் வீட்டுக்காரரின் தங்கை செல்லி, லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறாள். அவள் வாய் சும்மா இருக்காது.

"என்ன மதினி, பீலித் தண்ணியெல்லாம் நீங்களே குடிச்சு முடிச்சிட்டா லயத்துச் சனம் எதுல சோறாக்குறது?"

சிரித்துச் சமாளித்தேன். கால் வீங்கிய பிறகுதான் தோட்டத்து மருந்துச் சாலைக்குப் போனேன். டிஸ்பென்சர் ஐயா காயத்தைப் பார்த்துவிட்டு, ஒரு போத்தலைக் கையில் கொடுத்து நீர் கொண்டுவரச் சொன்னார். அதில் சில சொட்டை நீல மருந்தில் விட்டுக் கண்ணாடிக் குழாயோடு விளக்கில் காட்டினார். நீலம் அப்படியே இருந்தால் நீரில் சீனி இல்லை. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், செம்மஞ்சள் என்று ஏறிக்கொண்டே போகும். என்னுடையது என் கண்முன்னே செங்கல் நிறமானது. அவர் குழாயைக் கீழே வைத்தார்.

"நாளைக்கே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். ஆஸ்பத்திரியில் வாங்குப் பலகையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடிக்கடி நீர் போகிற வியாதியை வைத்துக்கொண்டு, போகும் இடம் எது என்று கேட்க வெட்கப்பட்டு அப்படியே இருந்தேன். என் முகத்தைப் பார்த்த என் வீட்டுக்காரர் எழுந்து, "ஐயா, எங்க சம்சாரத்துக்கு ஒண்ணுக்குப் போகணும், எங்கிட்டுப் போறது?" என்று கூடத்துக்கே கேட்கும்படி கேட்டுவிட்டார். எத்தனை தலைகள் திரும்பின! அன்று அவர் மேல் வந்த கோபத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

டாக்டர் என் காலைப் பார்த்ததும் வாட்டில் படுக்கச் சொல்லிவிட்டார். பதினான்கு நாள் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்கள அம்மா. அவருக்கும் இதே வியாதிதான். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவர் நல்லவர். தன் கம்பளியில் ஒன்றை எனக்குத் தந்தார். ஆனால் ஒவ்வொரு முறை அவர் பக்கம் திரும்பும்போதும் என் கண் கட்டிலில் போர்வை தட்டையாக இருக்கும் இடத்துக்குத்தான் போகும். விளக்கு அணைத்த பிறகு என் கணுக்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

இன்சுலின் என்ற மருந்தை ஊசியில் போட்டார்கள். நம் உடம்பு சாப்பாட்டிலிருந்து வரும் சீனியைச் செலவழிக்க ஒரு சாற்றைத் தானே சுரக்க வேண்டுமாம். எனக்கு அது போதவில்லை. அதை வெளியிலிருந்து கொடுப்பதுதான் அந்த ஊசி. சீனி உடம்பில் சேராமல் இரத்தத்திலேயே நிற்பதால்தான் மெலிவு, தாகம், ஆறாத புண் எல்லாம்.

எங்கள் வாட்டுத் தாதி, மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர். முதல் நாளே கட்டிலருகில் நின்று விசாரித்தார்.

"காலமை என்ன சாப்பிடுறனீங்கள்?"

"தேத்தண்ணிங்க."

"தேத்தண்ணி சாப்பாடே? எத்தினை கரண்டி சீனி?"

"உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டே குடிப்போம்ங்க. கரண்டிக் கணக்கெல்லாம் தெரியாதுங்க."

"பிறகு?"

"ஒம்பது மணிக்கு மேல ரொட்டிங்க. மூணு. கோதும மாவு. தோட்டத்துல அதத்தான் குடுக்குறாங்க."

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். சீனியை நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டேன். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் தந்த பேக்கரிப் பாண் எனக்கு இறங்கவில்லை. செல்லி பார்க்க வந்தபோது வீட்டு ரொட்டி வேண்டும் என்று கேட்டேன். அவள் அடுத்த முறை ஒரு துணியில் கட்டிக் கொண்டுவந்து தந்தாள். ஒளித்து வைத்து மறுநாள் காலையில் மூன்றையும் தின்றேன். கொஞ்ச நேரம் கழித்து நீர் பார்த்தார்கள். மறுபடியும் செங்கல்.

"ஆர் சீனி தந்தது?" என்றார் மிஸ்ஸி.

"சத்தியமாச் சீனி தொடலைங்க மிஸ்ஸி. ரொட்டிதான்."

"அந்த ரொட்டிதான் சீனி. வெள்ளை மா வயித்துக்குள்ள போனவுடன சீனியாத்தான் மாறும். இனிப்பில்லை எண்டு நாக்குச் சொல்லும், இரத்தம் சொல்லாது."

அன்று அவர் சொன்னதை நான் எனக்குப் புரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை, நாம் மிலாறு என்கிறோமே, அதை அடுப்பில் வைத்தால் குப்பென்று எரிந்து அப்படியே அணைந்துவிடும். கட்டை நின்று எரியும். வெள்ளை மாவு, பாண், சீனித் தேத்தண்ணி எல்லாம் மிலாறு. கேப்பை, அதாவது கடையில் குரக்கன் என்று விற்பது, பருப்பு, போஞ்சிக்காய், கீரை, முட்டை இவை கட்டை. காலையில் கட்டைதான் வைக்க வேண்டும். கேப்பையையும் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சீக்கிரம் எரிந்துவிடுகிறது. ரொட்டியாகத் தட்டிப் பருப்போடோ போஞ்சியோடோ தின்றால் நின்று எரிகிறது. ரொட்டி இரண்டுக்கு மேல் வேண்டாம். தினமும் ஒரே நேரம், ஒரே அளவு. செல்லியிடம் சொல்லிக் கேப்பை ரொட்டி கொண்டுவரச் செய்து மிஸ்ஸி கண் முன்னே தின்றேன். அன்று குழாய் பச்சையாக நின்றது. பக்கத்துக் கட்டில் அம்மா கை தட்டினார்.

வீட்டுக்கு விடுவதற்கு முதல் நாள் டாக்டர் என் வேலையைப் பற்றிக் கேட்டார். மிஸ்ஸி சிங்களத்தில் சொன்னார். டாக்டர் பேனாவை மூடிவிட்டு நீளமாகப் பேசினார். மிஸ்ஸி அதைத் தமிழில் சொன்னார்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. ஊசி போட்டா இரத்தத்தில சீனி இறங்கத் தொடங்கும். வயித்தில சாப்பாடு இல்லையெண்டால் அளவுக்கு மிஞ்சி இறங்கிப் போடும். வேர்க்கும், கை நடுங்கும், நாக்குக் குழறும், விழுந்துபோவீங்கள். ஊசி போட்டு அரை மணித்தியாலத்துக்குள்ள இருந்து சாப்பிட வேணும். நீங்கள் குழந்தைப் பிள்ளையளைத் தூக்கிறனீங்கள். ஏலாதெண்டால் வேலையை விடச் சொல்லி டாக்டர் சொல்லுறார். விளங்கிச்சோ?"

தலையாட்டினேன். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது என் பழக்கம்.

தோட்டத்துக்கு வந்ததும் ஏற்பாடு இப்படியானது. மருந்துச் சாலை பிள்ளைக் காம்பராவுக்கு அடுத்த கட்டடம். காலை ஆறு மணிக்கு டிஸ்பென்சர் ஐயா ஊசி போடுவார். ஆறரைக்குள் நான் சாப்பிட வேண்டும். என் வீட்டுக்காரர் இராவேலை முடிந்து விடியுமுன் வந்ததும், தூங்கப் போகாமல் அடுப்பு மூட்டி இரண்டு கேப்பை ரொட்டி தட்டுவார். அதுவரை வாழ்நாளில் அவர் ரொட்டி தட்டியதில்லை. முதல் நாள் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை மாவு.

"தேயிலையக் கருக்காம காய வைக்கிறேன், இந்த ரொட்டி என்னைப் பாடாப் படுத்துது புள்ள" என்றார். போஞ்சிக் கறியையும் வைத்துத் துணியில் கட்டித் தருவார்.

அந்த ரொட்டியை நான் சாப்பிடவில்லை.

ஏன் என்று கேட்பவர்களுக்கு என்னால் இப்போதுகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஊசி போட்டுக்கொண்டு காம்பராவுக்கு வந்தால் கதவருகே தாய்மார் நிற்பார்கள். பிள்ளைகளை வாங்க வேண்டும், தூளி கட்ட வேண்டும், பால் வைக்க அடுப்பு மூட்ட வேண்டும். திரும்பிப் பார்த்தால் நடக்கிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு என்னைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். பல பிள்ளைகள் வெறும் தேத்தண்ணியோடு வந்தவை. அவற்றுக்கு ஒன்பது மணிக்குத்தான் பால். அத்தனை கண்களுக்கு நடுவில் ஆயா மட்டும் துணியை அவிழ்த்து மெல்லுவதா? வீட்டிலேயே நான் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறவள். முதல் நாள் ரொட்டியை அவிழ்த்தேன். ஒரு பிள்ளை கை நீட்டியது. பிய்த்துக் கொடுத்தேன். பிறகு எல்லாக் கைகளும் நீண்டன. என் வாய்க்கு ஒரு விள்ளல் வந்தது. ஒன்பது மணிக்குப் பிள்ளைகளோடு பாலும் வெள்ளை ரொட்டித் துண்டும் சாப்பிட்டுக்கொண்டேன். உடம்பு கொஞ்சம் ஆடியது, ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் அப்படியே.

டிஸ்பென்சர் ஐயா ஊசி போடும்போது, "நேத்து நேரத்துக்குச் சாப்பிட்டீங்களா?" என்று தினமும் கேட்பார். தலையாட்டினேன். வீட்டுக்காரர் வெறுந்துணியைப் பார்த்து, "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்பார். "நல்லா இருந்துச்சுங்க" என்றேன். வாய் திறந்து சொன்ன பொய் அது.

ஐந்தாம் நாள். எட்டரை இருக்கும். பால் அடுப்பில் கொதி வரப் பார்த்தது. வள்ளி என்ற பெண்ணின் ஏழு மாதக் குழந்தை தங்கம் தூளியில் அழுதது. தூக்கினேன். தூக்கியபோதே முதுகெல்லாம் வேர்த்திருந்தது. மலைக்குளிரில் எதற்கு வேர்க்கிறது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. கதவு இரண்டாகத் தெரிந்தது. உட்கார வேண்டும், உட்கார வேண்டும் என்று நினைத்தேன், கால் கேட்கவில்லை. அடுப்புப் பக்கம் விழக் கூடாது என்று மட்டும் தோன்றியது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகக் கத்திய சத்தத்தில் டிஸ்பென்சர் ஐயா ஓடி வந்திருக்கிறார். சீனியைக் குழைத்து என் கன்னத்துக்குள் தடவியிருக்கிறார். கண் விழித்தபோது வாயெல்லாம் இனிப்பு. குழந்தை அவர் கையில் இருந்தது. நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அது என்னைப் பார்த்து அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஆள் அனுப்பியதும் வள்ளி கொழுந்துக் கூடையோடு ஓடி வந்தாள். குழந்தையை வாங்கினாள். வீக்கத்தைத் தடவினாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே தூக்கிக்கொண்டு போனாள். அது பெரிய தண்டனையாக இருந்தது.

மாலையில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எதிரில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களில் சூட்டுக் கொப்புளங்கள்.

"நான் அத ஒனக்குத்தான் தட்டினேன்" என்றார்.

செல்லி மட்டும் வாசலில் நின்று கத்தினாள். "ஒங்களுக்கு வெக்கம் பெருசா, ஊரான் வீட்டுப் புள்ள பெருசா மதினி? நல்லாக் கேளுங்க, அந்தப் புள்ள அடுப்புல விழுந்திருந்தா?"

அதைத்தான் நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடமிருந்து கடிதம் வரும்வரை பிள்ளைக் காம்பராப் பக்கம் போகக் கூடாது என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொல்லிவிட்டார். பிள்ளைகளைப் பார்க்க வேறு ஒரு பெண்ணைப் போட்டார்கள். மறுபடியும் பஸ், மறுபடியும் அதே வாங்கு. டாக்டர் என்னைக் கண்டதும் சிங்களத்திலேயே கேட்டார், "கேம கேவத?" சாப்பிட்டாயா என்பது எனக்கே விளங்கியது. தலை ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்திக்கொண்டு, "இல்லைங்க" என்றேன்.

"பிறகேன் டிஸ்பென்சரிட்ட சாப்பிட்டதெண்டு பொய் சொன்னனீங்கள்?" என்றார் மிஸ்ஸி.

"புள்ளைங்க பாக்குதுங்க, மிஸ்ஸி. பசியோட பாக்குதுங்க."

அவர் உடனே திட்டவில்லை. டாக்டரிடம் சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு என் பக்கம் குனிந்து, "நீங்கள் சாப்பிடாமல் விட்டால் அதுகளின்ர பசி போகுதே? போகேல்லைத்தானே. அதுகளைப் பார்க்கிற ஆள்தான் இல்லாமல் போறா" என்றார். டாக்டர் கடிதம் எழுதித் தந்தார். வேலை செய்யலாம், ஆனால் ஊசிக்குப் பின் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், இதைப் பிள்ளைகளின் தாய்மார் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

தோட்டத்தில் எல்லாரும் அறிய வேண்டியதைப் பெரட்டில்தான் வாசிப்பார்கள். இருநூறு பேர் நிற்கிற இடத்தில் என் பெயரையும் என் வியாதியையும் என் ரொட்டியையும் கணக்கப்பிள்ளை உரக்க வாசித்தார். நான் வேலிக்கருகில் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

"நமக்கும் இப்புடி ஒரு கடுதாசி வாங்கியாந்தா ஒக்காந்து தின்னுட்டுக் கொழுந்தெடுக்கலாமே!" என்றது பின்வரிசையில் ஒரு குரல். சிரித்தார்கள்.

"ஒனக்கும் தெனம் ஊசி போடச் சொல்லட்டாடி, அந்த வாயிலயே?" என்று செல்லி திரும்பிப் பார்த்துக் கேட்டதும் அடங்கினார்கள்.

மறுநாள் காம்பராவைத் திறந்தேன். ஊசி போட்டுக்கொண்டு வந்து முதல் வேலையாகச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து ரொட்டியை அவிழ்த்தேன். முதுகுக்குப் பின்னால் ஏதோ விழும் சத்தம். திரும்பினால் ஒரு பிள்ளை பால் சட்டியை உருட்டிக்கொண்டிருந்தது. சுவரைப் பார்த்துச் சாப்பிட்டால் பிள்ளைகளைப் பார்க்க முடியாது. பிள்ளைகளைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். அவை பார்த்துக்கொண்டிருக்க, கொடுக்காமல், இரண்டு ரொட்டியையும் தின்றேன். ஒரு பிள்ளை கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே மென்றேன். இந்த வியாதியில் எனக்கு ஊசியைவிட அதுதான் வலிக்கிறது. பால் நேரத்தை முன்னே கொண்டுவரும்படி டிஸ்பென்சர் ஐயா துரைக்கு எழுதியிருக்கிறார். இன்னும் பதில் இல்லை.

தாய்மார் எல்லாரும் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். வள்ளி மட்டும் வரவில்லை. தங்கத்தை மலைக்கே கொண்டுபோய், தேயிலைச் செடிக்குக் கீழே சாக்கில் போட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கிறாள் என்று செல்லி வந்து சொன்னாள். அது மழைக்காலம். அட்டைக்காலம். அந்த நான்கு நாட்களும் என் குழாய் பச்சையாகத்தான் நின்றது, மனதுக்குத்தான் மருந்தில்லை.

ஐந்தாம் நாள், மற்றவர்கள் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது வள்ளி வாசலில் வந்து நின்றாள். தலையில் சாக்கு, இடுப்பில் குழந்தை. குழந்தைக்குச் சளி இழுத்தது. நெற்றியில் வீக்கம் வற்றி மஞ்சளாக ஒரு தடம்.

கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"சாப்புட்டீங்களா ஆயம்மா?"

"இனிமேத்தான் வள்ளி."

"சாப்புடுங்க. பாத்துட்டுத்தான் குடுப்பேன்."

"பெரட்டுக்குப் பிந்திருமே?"

"பிந்தட்டும்."

உட்கார்ந்து துணியை அவிழ்த்தேன். அவள் கதவில் சாய்ந்து என் வாயையே பார்த்தாள். முதல் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தின்று முடித்தேன். இரண்டாவது பாதிக்கு மேல் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. கையில் கடைசித் துண்டோடு இருந்தேன். கீழே கங்காணி பேர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"அதையும்" என்றாள்.

வாயில் போட்டு மென்று விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டவில்லையே தவிர, அப்படித்தான் இருந்தது. அப்புறம்தான் குழந்தையை என் மடியில் வைத்தாள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினாள்.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. கால் புண் ஆறிவிட்டது. இன்று காலையிலும் வள்ளி வந்து வாசலில் நின்றாள். போன வாரம் ஒரு நாள், "இனி நிக்க வேணாம் வள்ளி, நான் சாப்புட்டுருவேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"முன்னாடி டிஸ்பென்சர் ஐயாகிட்டயும் அப்படித்தானே தலையாட்டினீங்க" என்றாள்.

நான் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.